ஒற்றியும் ஈடும் வீட்டுக்கடனும்: சிங்கப்பூர்த் தமிழர் வீடுடைமை வரலாற்றில் இரு வினாக்கள்

வீடு வாங்கும் குடும்பம் தன் வாழ்நாளில் இரண்டு பெரிய வினாக்களை எதிர்கொள்கிறது. எந்தக் கடனை எடுப்பது என்பது முதல் வினா. அந்த வீட்டை விட்டு வேறிடம் செல்லும் காலம் வரும்போது, அதை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்பது இரண்டாம் வினா. முதல் வினாவைக் கடன் அதிகாரியிடம் கேட்கிறோம். இரண்டாவதைச் சொத்து முகவரிடம் கேட்கிறோம். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் பல ஆண்டுகள் கடந்துவிடுவதால், அவை தொடர்பற்றவை என்றே எண்ணிவிடுகிறோம்.

அவ்விரண்டும் ஒரே வினாவின் இரு பகுதிகள் என்பதே இவ்வுரையில் நாம் எடுத்துக்காட்ட விழைவது. கடன் தீரும்வரை வீட்டின் பயனை அனுபவிக்கும் உரிமை யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் உள்ளது என்பதே அந்த மூல வினா. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். அவர்கள் கையாண்ட சொற்களே அதற்குச் சான்று.

சொற்கள் காட்டும் வழி

கடனுக்குப் பொறுப்பாக ஒரு பொருளை வைப்பதற்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. நகையை வைத்தால் அடகு. நிலத்தையோ வீட்டையோ வைத்தால் ஈடு, அடமானம், ஒற்றி, போக்கியம். இவை யாவும் ஒரே பொருள் தருவன அல்ல. ஈடு வைத்தவர் வீட்டில் தொடர்ந்து குடியிருப்பார். கடனுக்கு வட்டி கட்டுவார். ஒற்றி வைத்தவரோ வீட்டைக் கடன் கொடுத்தவரின் அனுபவத்தில் விட்டுவிடுவார். கடன் கொடுத்தவர் வாடகையின்றிக் குடியிருப்பார். கடன் வாங்கியவர் வட்டியின்றி முதலை மட்டும் திருப்பித் தருவார். வட்டியும் வாடகையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்.

ஒற்றி என்னும் சொல் பழைய கல்வெட்டுகளிலும் ஆளப்பட்டுள்ளது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இன்றும் மக்கள் வீட்டை ஒத்திக்கு எடுக்கின்றனர்; வேறு சில பகுதிகளில் அதனையே போக்கியம் என்கின்றனர். 1882-ஆம் ஆண்டின் இந்தியச் சொத்து மாற்றுச் சட்டமும் அனுபவ உரிமையோடு கூடிய இவ்வகை ஈட்டைத் தனியொரு வகையாக ஏற்றுக்கொண்டது.

இந்த முறையில் கடனையும் வாடகையையும் தனித்தனியே எண்ணிப் பார்க்க இயலாது. வீட்டின் வாடகை மதிப்பு கடனின் வட்டியை விடக் குறைந்தால் கடன் கொடுத்தவருக்கு இழப்பு. கூடினால் கடன் வாங்கியவருக்கு இழப்பு. ஆகவே ஒற்றி எழுதும் நாளிலேயே இரு தரப்பும் வட்டியையும் வாடகையையும் அருகருகே வைத்துக் கணக்கிட்டனர். இன்று நாம் மறந்துவிட்ட கணக்கு இதுதான்.

செட்டித் தெருவும் நடப்பு வட்டியும்

நாட்டுக்கோட்டை நகரத்தார் 1820-களிலிருந்தே சிங்கப்பூரில் தொழில் நடத்தத் தொடங்கினர். மார்க்கெட் ஸ்திரீட் எனப்பட்ட சாலை நம்மவரிடையே செட்டித் தெரு எனப் பெயர் பெற்றது. அங்கிருந்த கிட்டங்கிகளில், ஒவ்வொரு விலாசத்தின் முகவரும் தமக்கெனச் சிறிதளவு இடமும் ஒரு பெட்டகமும் கணக்கேடுகளும் வைத்துக்கொண்டு தொழில் செய்தார். முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு ஊரிலிருந்து வந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் அவர்களால் எழுப்பப்பட்டது.

அவர்கள் கையெழுத்துக் கடனும் கொடுத்தனர். கடைவீடுகளின்மீதும் தோட்டங்களின்மீதும் ஈட்டுக் கடனும் கொடுத்தனர். பட்டாவைப் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு பணம் தருவது வழக்கமான முறை. வீட்டுக்குரியவர் வீட்டிலேயே இருப்பார்; பத்திரம் மட்டும் கிட்டங்கியில் இருக்கும். இது ஈடு; ஒற்றியன்று. வாடகையை வாங்குவதும் பழுதுபார்ப்பதும் முகவரின் தொழிலாக இருக்கவில்லை. அவருக்கு வேண்டியது சுழலும் பணம்.

அவர்களது வட்டிமுறை நம் கவனத்திற்குரியது. நகரத்தார் நிறுவனங்கள் தமக்குள் கொடுத்து வாங்கிய பணத்திற்கு நடப்பு வட்டி, தவணை வட்டி என இருவகை வட்டிகள் இருந்தன. பர்மாவில் அவர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி இவ்வட்டியை உறுதிசெய்ததை அந்நாட்டு வங்கித்துறை விசாரணைக் குழுவின் 1929–30 அறிக்கை பதிவு செய்துள்ளது. பணத்தின் தேவை ஏறினால் வட்டி ஏறும்; தேவை தணிந்தால் இறங்கும். இன்று சிங்கப்பூர் வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் பணத்தின் வட்டியை அடிப்படையாகக் கொண்டு சோரா என்னும் விகிதம் கணக்கிடப்படுகிறது. மாறும் வட்டிக் கடன்கள் அதனை ஒட்டியே ஏறி இறங்குகின்றன. பெயர் புதிது, தொழிலர் தமக்குள் வகுத்துக்கொண்ட விலையைக் கடன் வாங்குபவர் பின்பற்ற வேண்டியிருக்கும் நிலை பழையது.

கடன் கொடுத்தவருக்கு வந்த இரண்டாம் வினா

1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் ரப்பர் விலையை வீழ்த்தியது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்து சென்ற நகரத்தார் பணம் தீபகற்பத்தின் தோட்டங்களில் முடங்கியது. கடன் வாங்கியவர்களால் முதலையும் தர இயலவில்லை. வட்டியையும் தர இயலவில்லை. ஈடாக வைத்த சொத்துகள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. அப்போது, இதே இரண்டாம் வினா அவர்களை எதிர்கொண்டது. விற்றால் வாங்க ஆளில்லை. கிடைக்கும் விலை கொடுத்த முதலுக்கும் ஈடாகாது. வைத்துக்கொண்டால் நிலவரியும் பராமரிப்பும் வளரும்.

சட்டமும் குறுக்கிட்டது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1931-இல் சிறுதோட்டங்களை ஏலத்தில் விற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1933-இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், அந்நிலங்களை மலாய்க்காரர் அல்லாதோருக்கு ஈடாக வைப்பதைத் தடுத்தது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் கடனால் கைமாறிப் போகும் குடியானவரைக் காக்கும் நோக்கம் அச்சட்டங்களுக்கு இருந்தது. கடன் கொடுத்தவருக்கோ, ஈடு என்பது விற்க முடிந்தால் மட்டுமே ஈடு என்பதை அவை உணர்த்தின. யாரிடம் விற்கலாம் என்பதை அரசு வரையறுக்கும்போது, சொத்தின் மதிப்பும் அவ்வரையறையாலேயே தீர்மானிக்கப்படுகிறது. இப்பாடம் பின்னர் வேறொரு வடிவில் நம்மிடமே திரும்பி வரவிருந்தது.

வேலையோடு வந்த வீடு

நகரத்தாரின் பெட்டகத்தைப் பற்றிப் பேசும்போது, பெட்டகமே இல்லாத பெரும்பான்மைத் தமிழரை மறந்துவிடலாகாது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் நகரசபையிலும் உழைத்த தமிழரில் பலர், வேலை கொடுத்தவர் கட்டிய வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். அவர்களுக்குக் கடனும் இல்லை. விற்பதா, வாடகைக்கு விடுவதா என்ற வினாவும் இல்லை. வேலை போனால் வீடும் போகும். தன் படைகளை 1971-க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாகப் பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்தபோது, கடற்படைத் தளத் தொழிலாளர் வருமானத்தோடு கூரையையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர். பலர் தாயகம் திரும்பினர்.

நகரின் பழைய கடைவீடுகளில் குடியிருந்தோரின் நிலை வேறு. 1947-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்தைய 1939-ஆம் ஆண்டு வாடகையை அளவுகோலாக்கியது. அது குடியிருந்தவரைக் காத்தது. ஆனால் வீட்டுக்குரியவர், வாடகையைக் கொண்டு கூரையைக்கூடப் பழுதுபார்க்க இயலாமல் தவித்தார். குடியிருப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாத வீட்டை வாங்க முன்வருவோரும் குறைவு. வாடகையும் பயன் தராத, விற்பனையும் எளிதில் நிகழாத அந்நிலை 2001-இல் சட்டம் நீக்கப்படும்வரை நீடித்தது.

1964-உம் 1968-உம்

1960 பிப்ரவரி 1-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் வாடகை வீடுகளையே கட்டியது. 1964-இல் மக்களுக்கான வீடுடைமைத் திட்டம் அறிமுகமாயிற்று. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும் மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் விற்பனைக்கு வந்தன. அவ்விலையிலும் முன்பணம் சேர்ப்பது தொழிலாளர் குடும்பங்களுக்கு அரிதாயிருந்தது. 1968 செப்டம்பரில், 1955-இல் தொடங்கப்பட்ட மத்திய சேமநிதியிலிருந்து முன்பணத்தையும் மாதத் தவணையையும் செலுத்த அனுமதி கிடைத்தது. வீட்டுடைமை விகிதம் 1970-இல் 29.4 விழுக்காடாகவும் 1980-இல் 58.8 விழுக்காடாகவும் 1990-இல் 87.5 விழுக்காடாகவும் உயர்ந்தது.

வரிசை வீட்டிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்திற்கு இதன் பொருள் பெரிது. வேலை மாறினாலும் வீடு மாறாது என்ற நிலை முதன்முறையாக ஏற்பட்டது. பின்னர் செட்டித் தெருவின் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்புக்காக அகற்றப்பட்டன. நம்மவர் வீட்டுக்கடன் வரலாற்றில் பெட்டகத்தின் இடத்தைச் சேமநிதிக் கணக்கு பெற்றது.

ஆயினும் அந்த வீடு முழுவதும் கட்டற்ற உடைமையாக வழங்கப்படவில்லை. அது 99 ஆண்டுக் குத்தகை. 1971 வரை, விற்க விரும்பியவர் கழகத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு மூன்றாண்டுக் குடியிருப்புக்குப் பின் வெளிச்சந்தையில் விற்க அனுமதிக்கப்பட்டது. 1973-இல் அக்காலம் ஐந்தாண்டாயிற்று. முழு வீட்டையும் வாடகைக்கு விடும் உரிமை இன்னும் தாமதமாக, 2003-க்குப் பின்னரே படிப்படியாக விரிந்தது. குடியிருக்கவே வீடு, விற்கும் உரிமையும் வாடகைக்கு விடும் உரிமையும் பின்னர், நிபந்தனையோடு சேர்ந்தவை. இவ்வரிசையை நினைவிற்கொண்டால் இன்றைய விதிகள் பலவற்றின் காரணம் விளங்கும்.

எந்தக் கடன்?

2003 ஜனவரி முதல் கழகம் சந்தை வட்டிக் கடன் வழங்குவதை நிறுத்தி, சலுகை வட்டிக் கடனை மட்டும் தகுதியுடையோருக்கு வழங்கி வருகிறது. ஏனையோர் வங்கிகளை நாட வேண்டும். தகுதியுடையோருக்கோ இரு வழிகளும் திறந்துள்ளன.

கழகக் கடனின் வட்டி, சேமநிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியை விட 0.1 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல். சாதாரணக் கணக்கின் வட்டி 1999 ஜூலையில் 2.5 விழுக்காடாயிற்று, ஆகவே கழகக் கடன் கால் நூற்றாண்டாக 2.6 விழுக்காட்டில் நின்றுள்ளது. வங்கி வட்டியோ 2010-களில் பெரும்பாலும் 2 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தது. 2022-இன் இறுதியில் 4 விழுக்காட்டைத் தாண்டியது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். 300,000 வெள்ளியை 25 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், 2.6 விழுக்காட்டில் மாதத் தவணை ஏறத்தாழ 1,361 வெள்ளி. வட்டி 1.6 விழுக்காடாயின் 1,214 வெள்ளி. 4 விழுக்காடாயின் 1,584 வெள்ளி. வங்கியை நாடியவருக்கு நல்ல காலத்தில் மாதம் 147 வெள்ளி மிச்சம். கடுங்காலத்தில் 223 வெள்ளி கூடுதல் சுமை. இந்த ஏற்றத்தைத் தாங்கும் வருமானமும் சேமிப்பும் உள்ள குடும்பத்திற்கு வங்கிக் கடன் பொருந்தலாம். ஒரே வருமானத்தை நம்பிய குடும்பத்திற்கு நிலையான தவணையே காவல்.

வட்டிக்கு அப்பாலும் வேறுபாடுகள் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல் இருவகைக் கடனும் வீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. ஆனால் வங்கிக் கடனாயின் விலையில் குறைந்தது 5 விழுக்காட்டைக் கைப்பணமாகத் தர வேண்டும்; கழகக் கடனாயின் முன்பணம் முழுவதையும் சேமநிதியிலிருந்து தரலாம். கழகக் கடனை முன்கூட்டியே அடைத்தால் தண்டமில்லை; வங்கிகள் பொதுவாகக் கட்டுக்காலம் விதித்து, அதற்குள் கடனை அடைத்தால் தண்டம் வசூலிக்கின்றன. எல்லாவற்றையும் விட முக்கியமானது, கழகக் கடனிலிருந்து வங்கிக்கு மாறலாம். வங்கியிலிருந்து கழகத்திற்குத் திரும்ப முடியாது. அது ஒருவழிப் பாதை.

இரண்டாம் வினா இங்கேயே நுழைந்துவிடுகிறது. ஐந்தாண்டு முடிந்ததும் விற்றுவிடும் எண்ணமுள்ளவர், கட்டுக்காலம் முடியும் நாளையும் குடியிருப்புக் காலம் முடியும் நாளையும் ஒப்பிட வேண்டும். வாடகைக்கு விடும் எண்ணமுள்ளவர், வட்டி ஏறினாலும் வாடகை அதனை ஈடுசெய்யுமா என்று பார்க்க வேண்டும். ஒற்றி எழுதியவர் செய்த அதே ஒப்பீடு இது.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

விற்கும்போது, கடன் பாக்கி போக, வீட்டுக்காக எடுத்த சேமநிதித் தொகை அதன் வட்டியோடு சேமநிதிக் கணக்கிற்குத் திரும்ப வேண்டும். 100,000 வெள்ளியை ஒரே தவணையில் எடுத்து 20 ஆண்டுகள் கழித்து விற்றால், 2.5 விழுக்காட்டுக் கூட்டுவட்டியில் திருப்ப வேண்டிய தொகை ஏறத்தாழ 163,900 வெள்ளி. அது விற்றவரின் பணமே. எனினும் கைக்கு உடனே வராது. விற்பனை விலையை மட்டும் பார்த்து அடுத்த வீட்டுக்குத் திட்டமிடுவோர் இங்கேதான் திகைக்கின்றனர்.

வாடகைக்கு விடுவதில் இதற்கு நேர்மாறான மயக்கம் ஒன்று உண்டு. வாடகை கைப்பணமாக வருகிறது. தவணையோ சேமநிதியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஆதலால் வாடகை முழுவதும் வருமானம் போலத் தோன்றும். உண்மையில் முதுமைக்கான சேமிப்பே அவ்வருமானத்தின் ஒரு பகுதியாகக் கைக்கு வந்துகொண்டிருக்கலாம். வாடகைக்கு வருமான வரி உண்டு. கடனின் வட்டியைக் கழிக்கலாம், முதலைக் கழிக்க முடியாது. உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்குரிய சொத்துவரிச் சலுகையும் போய்விடும். ஆளின்றிக் கிடக்கும் மாதங்களையும் பழுதுபார்ப்பையும் கழித்த பின்னர் எஞ்சுவதே வாடகையின் உண்மையான பயன்.

முழு வீட்டையும் வாடகைக்கு விடக் குடிமகனாய் இருக்க வேண்டும். நிரந்தரவாசிக்கு அவ்வுரிமை இல்லை. தாம் எங்கே வாழ்வது என்ற வினாவும் உடன் எழும். பழைய வீட்டை வைத்துக்கொண்டு தனியார் வீடு வாங்கும் குடிமக்கள், 2023 ஏப்ரல் முதல் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். 1,500,000 வெள்ளி வீட்டுக்கு அது 300,000 வெள்ளி. அத்தொகையை வாடகையால் ஈட்ட எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டால், பலருக்கு விடை தானே கிடைத்துவிடும்.

யாரிடம் விற்கலாம்?

1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் இனவாரி உச்ச அளவை வகுத்தது. இந்தியருக்கும் ஏனைய இனத்தவருக்கும் இன்றைய அளவு வட்டாரத்தில் 12 விழுக்காடும் புளோக்கில் 15 விழுக்காடும் ஆகும். ஒரே இனத்தவருக்குள் விற்பனை எப்போதும் இயலும். ஆனால் ஒரு புளோக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியக் குடும்பம் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோரில் பெரும்பான்மையினர் விலகிவிட, வீடு நெடுநாள் விலைபோகாமல் நிற்கும்; விலையைக் குறைக்கவும் நேரும்.

இனக் குடியிருப்புகள் தனித்தனித் தீவுகளாக உருவாவதைத் தடுத்ததில் இக்கொள்கையின் பங்கை நாம் மதிக்கிறோம். அதன் செலவில் ஒரு பகுதி சிறுபான்மை இன விற்பனையாளர்மீது விழுகிறது என்பதும் உண்மை. நெடுநாள் விற்க முயன்றும் இயலாத, தகுதியுள்ள உரிமையாளரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது அவ்வுண்மைக்கான ஒப்புதலே. வாடகைக்கு விடுவதற்கு இனவாரி அளவு இல்லை. குடிமக்கள் அல்லாதோருக்கான அளவு மட்டும் 2014 முதல் உண்டு, அதிலும் மலேசியருக்கு விலக்கு உண்டு. ஆகவே விற்பனை தடைப்படும் புளோக்கில் வாழும் தமிழ்க் குடும்பம், விரும்பாமலேயே வாடகை வழியைத் தேர்ந்தெடுக்க நேரலாம். வீடு வாங்கும் நாளிலேயே அந்தப் புளோக்கின் நிலையைக் கழகத்தின் பதிவில் பார்த்தறிவது, வட்டியை ஒப்பிடுவதைப் போன்றே இன்றியமையாதது.

குத்தகையின் எஞ்சிய காலம்

1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் வாங்கப்பட்ட வீடுகளின் குத்தகையில் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. 2019 மே முதல், வாங்குவோரில் இளையவர் 95 வயது எட்டும்வரை குத்தகை எஞ்சியிருந்தால்தான் சேமநிதியை முழு அளவில் பயன்படுத்தலாம். கழகக் கடனையும் முழு அளவில் பெறலாம். எனவே பழைய வீட்டை வாங்கக்கூடிய இளையோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறையும். வாடகைக்கு வருபவர் எஞ்சிய குத்தகையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வாங்க வருபவர் அதை முதலில் கேட்கிறார். வாடகைக்கு விட்டுப் பின்னர் விற்கலாம் என்று எண்ணுவோர், காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் விற்பனைப் பொருளிலிருந்து ஓராண்டைக் கழித்துவிடுகிறது என்பதை உணர வேண்டும்.

முதியோருக்கு மூன்றாம் வழியொன்றும் உண்டு. 2009-இல் தொடங்கிய குத்தகைத் திரும்பப்பெறும் திட்டத்தின்படி, குத்தகையின் பிற்பகுதியைக் கழகத்திடம் விற்றுவிட்டு, முற்பகுதிக்கு அவ்வீட்டிலேயே வாழலாம். வீட்டின் அனுபவத்தையும் அதன் உடைமையையும் காலத்தால் பிரித்துக் கணக்கிடும் முறை இது. ஒற்றி என்னும் சொல்லை அறிந்த மொழிக்கு இதன் தத்துவம் புதிதன்று.

மேலும், 2024 அக்டோபர் முதல் விற்பனைக்கு வரும் பிளஸ், பிரைம் வகை வீடுகளுக்குக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் பத்தாண்டு. அவற்றை எக்காலத்திலும் முழுமையாக வாடகைக்கு விட முடியாது. அங்கே இரண்டாம் வினாவின் ஒரு பாதியை அரசே நீக்கிவிட்டது. குடியிருக்கவே வீடு என்ற 1964-இன் கருத்து, நல்ல இடங்களில் கட்டப்படும் வீடுகளில் மீண்டும் அழுத்தம் பெற்றுள்ளது.

ஆகவே, கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரே நம் குடும்பங்கள் நான்கு செய்திகளை ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும் என்பது எம் கருத்து. வட்டி ஏறினால் தவணை எவ்வளவு? இவ்வீட்டை யாருக்கு, எப்போது விற்கலாம்? வாடகைக்கு விட உரிமை உண்டா, விட்டால் எஞ்சுவது எவ்வளவு? நமக்கு அறுபது வயதாகும்போது குத்தகையில் எத்தனை ஆண்டுகள் எஞ்சியிருக்கும்? இந்நான்கையும் மொழி புரியாமலோ, வெட்கத்தாலோ கேளாமல் விடும் பெற்றோர் இன்றும் உள்ளனர். அவர்களுக்கு இவற்றைத் தமிழில் தெளிவாக எடுத்துரைப்பது பிள்ளைகளின் கடமை. அதற்குரிய சொற்களைப் பேணி வைப்பது நம் மொழி அமைப்புகளின் கடமை.